கணினி வழி மொழி கற்றலில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

கணினி வழி இரண்டாம் மொழி கற்றலில் பிஎச்.டி. முடித்த பிறகு, தலைப்புத் தேடும் ஆய்வு மாணவர்கள் பலர் என்னிடம் பேசுகிறார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது ஒரே மாதிரித் தலைப்பு: 'முதலாண்டு பொறியியல் மாணவர்களின் ஆங்கிலத் திறனை வளர்ப்பதில் கைபேசிச் செயலிகளின் பங்கு.' இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் தேடிப் பாருங்கள், இதே சாயலில் எத்தனையோ ஆய்வேடுகள் வரும்.

ஒரு வகுப்புக்குச் செயலி, இன்னொன்றுக்குப் பாடப்புத்தகம், கடைசியில் மதிப்பெண் ஒப்பீடு. செயலி வகுப்பு கூடுதலாக எடுத்தால் காரணம் செயலியா, ஆசிரியரா, கூடுதல் பயிற்சி நேரமா, புதுசு என்கிற ஆர்வமா? பிரித்துச் சொல்லவே முடியாது. கற்பிக்கும் முறைதான் கற்றலை உண்டாக்குகிறது, ஊடகம் அதைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே வாதிட்டார். ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் (வைவா) இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

ஆகவே கேள்வியைச் சிறிதாக்குங்கள். டோரதி சுன், யான் பிளாஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வை முதலில் படியுங்கள். ஜெர்மன் கற்கும் அமெரிக்க மாணவர்கள் திரையில் கதை வாசிக்கிறார்கள். சில சொற்களுக்கு எழுத்தில் மட்டும் பொருள், சிலவற்றுக்கு எழுத்தும் படமும், சிலவற்றுக்கு எழுத்தும் காணொளியும். படம் சேர்ந்த சொற்கள்தான் மற்ற இரண்டையும்விட நன்றாக நினைவில் நின்றன. காணொளி அல்ல, படம்! கணினி நல்லதா கெட்டதா என்றே அவர்கள் கேட்கவில்லை. கணினிக்குள் எந்த வசதி என்ன செய்கிறது என்று கேட்டார்கள். அதனால்தான் இன்றும் அந்த ஆய்வு பயன்படுகிறது.

அப்புறம், கணினி தரும் பதிவுகளை வீணாக்காதீர்கள். எந்தச் சொல்லை யார் எத்தனை முறை சொடுக்கினார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கரும்பலகை வகுப்பில் கிடைக்காத தரவு இது. இதை விட்டுவிட்டு, 'செயலி பிடித்திருந்ததா?' என்ற வினாத்தாளை மட்டும் நம்பிய ஆய்வேடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பிடித்திருப்பது வேறு, கற்றது வேறு.

பயிற்சி முடிந்த உடனே வைக்கும் பின்தேர்வும் போதாது. சில வாரம் கழித்து இன்னொரு தேர்வு வைத்தால்தான் எது தங்கியது என்று தெரியும். இங்கேதான் செமஸ்டர் குறுக்கே வரும். விடுமுறை தொடங்கினால் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கல்லூரியில் அனுமதி கேட்கும்போதே அந்த இரண்டாவது தேர்வின் தேதியையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

புள்ளியியலில் ஒன்று. விளைவின் அளவை, அதாவது இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை, சொல்லப் பலரும் புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹெனின் 0.2 (சிறியது), 0.5 (நடுத்தரம்), 0.8 (பெரியது) என்ற எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் மொழி ஆய்வுகளில் இரு குழுக்களை ஒப்பிட பிளான்ஸ்கி, ஆஸ்வால்ட் இருவரும் 2014-இல் பரிந்துரைத்தவை 0.40, 0.70, 1.00. எதைப் பயன்படுத்தினாலும் ஏன் என்று எழுதுங்கள்.

காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1997 முதல் வரும் 'லாங்குவேஜ் லேர்னிங் அண்ட் டெக்னாலஜி' இதழை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். வினாத்தாள்களும் தேர்வுக் கருவிகளும் 'ஐரிஸ்' தரவகத்தில் கிடைக்கும். அங்கிருந்து எடுத்தாலும் உங்கள் மாணவர்கள் சிலரிடம் முன்னோட்டம் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.