திகதி எழுதாத போத்தல்

விலங்கியல் மாஸ்ரரிடம் நான் வாங்கிய ஒரேயொரு குட்டு ஒரு போத்தலுக்காக விழுந்தது. 1974ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பில் எல்லோரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது கட்டளை. அப்பாவின் பழைய மருந்துப் போத்தலை அவித்து, நிரப்பி, பெருமையோடு நீட்டினேன். மாஸ்ரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எந்தக் கிணறு? எப்போது அள்ளினீர்?"

போத்தலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தண்ணீரை வாசலில் நின்ற செவ்வரத்தைக்கு ஊற்றினார். பிறகுதான் குட்டு.

லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் தட்டுக் கழுவுபவனாகத் தொடங்கி, பக்டீரியாக்களின் மரபணுக்களோடு முப்பது வருடங்களுக்கு மேல் கழித்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களுக்கு வேலிப் பொட்டைத்தான், அதாவது வேலியில் விட்ட சிறு திறப்பைத்தான், உதாரணம் காட்டுவேன். பக்டீரியாவுக்கு மருந்தெதிர்ப்பு தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்னஞ்சிறு டிஎன்ஏ வளையத்தின் பிரதியொன்றைப் பக்கத்தில் இருப்பதற்கும் அது கொடுத்துவிடும், பொட்டுக்குள்ளால் கறிக்கோப்பை நீட்டுவது போல. வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு இருந்தால் அத்தனையும் ஒரேயடியாகக் கைமாறும். கவனமாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் அன்ரிபயோட்டிக் மிச்சம் இருக்கிறதா?" என்பார்கள்.

இந்தக் கைமாற்றத்தை முதலில் கண்டவர்கள் ஜப்பானியர்கள். பிரிட்டனில் கண்டவர் நவோமி டட்டா என்ற நுண்ணுயிரியலாளர். 1959இல் ஹமர்ஸ்மித் மருத்துவமனையில் சல்மொனெல்லா பரவியபோது, முதலில் மருந்துக்கு அடங்கிய கிருமி, பிந்திய நோயாளிகள் சிலரில் அடங்காததாக மாறியிருந்தது. அந்த எதிர்ப்பு வேறு பக்டீரியாவுக்குத் தாவுவதை அவர் காட்டினார். கட்டுரை 1962இல் வந்தது. அவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் 1983இல் விக்டோரியா ஹியூஸுடன் சேர்ந்து அவர் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியதை வாசித்த அன்று, மாஸ்ரரின் குட்டு மறுபடி உறைத்தது.

மரே என்ற கனடாப் பேராசிரியர் 1917 முதல் 1954 வரை பிரித்தெடுக்கப்பட்ட குடல் பக்டீரியாக்களைப் பல நூறு குழாய்களில் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலானவை அன்ரிபயோட்டிக் புழக்கத்துக்கு வருமுன் எடுக்கப்பட்டவை. டட்டாவும் ஹியூஸும் அவற்றை எழுப்பிப் பார்த்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு டிஎன்ஏயைக் கைமாற்றும் வல்லமை அன்றே இருந்தது. ஆனால் அவற்றிலிருந்து தாவிய பிளாஸ்மிட்டுகளில் மருந்தெதிர்ப்பு இல்லை. பொட்டு முந்தியே இருந்தது. கறிக்கோப்பையை நிரப்பியது நாங்கள்தான். குழாய்களின் காலம் தெரியாதிருந்தால் இதில் ஒரு வரிகூடச் சொல்லியிருக்க முடியாது.

அதன்பின் என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளைத் திகதி விடயத்தில் நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. குட்ட மட்டும் இந்நாட்டுச் சட்டம் இடம்தரவில்லை.

2016இல் ஓய்வு பெறுமுன் உறைபெட்டியை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. அடித்தட்டில், பனிக்குள் புதைந்து நான்கு குழாய்கள். துடைத்துப் பார்த்தேன். "கிணறு?" என்று எழுதியிருந்தது. என்னுடைய கையெழுத்து. திகதி இல்லை.

நான்கையும் கிருமிகளை நீராவியில் அவித்துக் கொல்லும் ஓட்டோகிளேவில் போட்டுவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன்.