பெல்ட் தராமல் அனுப்பிய பையன்

கராத்தே டெஸ்டில் அந்தப் பையனுக்கு அடுத்த நிற பெல்ட் தராதது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொன்ன அடுத்த நிமிடமே அவன் கேட்டது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

"அப்போ பழைய பெல்ட்டையே கட்டிக்கவா மாஸ்டர்?"

"ஆமாப்பா. நல்லா பிராக்டிஸ் பண்ணு, அடுத்த டெஸ்ட்ல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். அப்புறம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

கட்டா என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர். அவன் செய்த ஹெயான் ஷோடான் கட்டாவில் மொத்தம் 21 அசைவுகள். 17ஆவது அசைவு ஒரு குத்து. அதில் அவன் போட்ட கியாய் என்னும் சத்தம் கூடத்தையே அதிர வைத்தது. அங்கிருந்து இடப்பக்கமாக முக்கால் வட்டம் திரும்பி, எடையைப் பின்காலில் வாங்கி, விரித்த கையின் விளிம்பால் தடுக்கும் ஷுடோ உகே போட வேண்டும். அதுவரை முன்காலை ஊன்றியே வந்த உடம்பு அங்கேதான் குழம்பும். அவன் வலப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டான். முதலிலிருந்து செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே இடம்.

அன்று சாயங்காலம் அவன் அம்மா போன் செய்தார். "வீட்டுல ஒழுங்காத்தான் செஞ்சு காட்டினான் மாஸ்டர்." பொய் சொல்கிற அம்மா இல்லை. ஆனால் நாலு பேர் பார்க்கும்போது நிலை கலையாமல் செய்வதற்குத்தானே டெஸ்ட்? பணம் கட்டினால் பெல்ட் என்று நடக்கிற வகுப்புகள் நிறைய உண்டு. அந்த பெல்ட்டை நம்பி ஒரு பிள்ளை குமித்தேயில், அதாவது எதிராளியோடு மோதும் சண்டையில், இறங்கினால், அடி வாங்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

இப்படி வாதாடும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. பெல்ட் என்பதே கராத்தேவுக்கு ஜூடோவிலிருந்து வந்தது. ஜப்பானில் கராத்தேவைப் பரப்பிய ஃபுனாகோஷி 1924இல்தான் தன் மாணவர்களுக்கு முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இத்தனை நிறங்கள் பிற்பாடு பெருகின. கறுப்பு வரைக்குமான நீண்ட வழியில் ஆள் சோர்ந்துபோகாமல் இருக்க அவை உதவின. அதே நிறத்தைக் காட்டி நான் ஒருவனைச் சோர்ந்துபோக வைத்திருக்கிறேனோ?

தோற்றால்தான் கற்க முடியும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். குமித்தேயில் அது உண்மை. ஒரு குத்து உள்ளே வந்தால், கை இறங்கியிருந்தது என்று அந்த நொடியே புரியும். அடுத்த மோதலிலேயே திருத்திக்கொள்ளலாம். டெஸ்டில் தவறியவனுக்கு அடுத்த வாய்ப்பு மாதக்கணக்கில் தள்ளி இருக்கிறது. அதுவரை அவன் கையில் இருப்பது தோல்வி மட்டும்தான்.

இப்போதெல்லாம் முடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். தவறிய இடத்தை மட்டும் அடுத்த வாரம் செய்துகாட்டச் சொல்கிறேன். ஒரு பெண் அப்படி வந்து, அதே திருப்பத்தை அழகாகச் செய்து பெல்ட் வாங்கினாள். இன்னொரு பையனிடமும் அதே மாதிரிதான் பேசினேன். அவன் வரவேயில்லை.

அதனால், இப்படி ஒரு வாரம் கொடுத்திருந்தால் முதல் பையன் தங்கியிருப்பான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பெல்ட்டைக் கட்டி அனுப்பியிருந்தால் நிச்சயம் வந்திருப்பான். ஆனால் அன்று அவன் செய்த கட்டாவுக்கு, இன்றைக்கும் நான் பெல்ட் கட்ட மாட்டேன்.