நீதிமன்றத்துக்குள் ஒரு கோடுகூட இழுக்காதீர்கள்

இங்கிலாந்தில் நீதிமன்ற ஓவியராகப் போகிறவர்கள், முதல் வழக்கில் நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே கேமராவுக்கு மட்டுமல்ல, பென்சிலுக்கும் தடை. வெளியிடும் நோக்கத்துடன் நீதிபதி, ஜூரி, சாட்சி, வழக்கின் தரப்பினர் யாரையும் நீதிமன்றத்தில் வரையக் கூடாது என்கிறது 1925-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்துதான் வரைய வேண்டும்.

முதல் நாள் முழுக்க வீண். செய்தி நிறுவனம் தருவதாகச் சொன்ன கடிதம் வந்து சேரவில்லை. வாசல் ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த மாடமோ குற்றவாளிக் கூண்டுக்கு நேர் மேலே. மாலை வரை உட்கார்ந்தும் குற்றம்சாட்டப்பட்டவரின் உச்சந்தலைகூடத் தெரியவில்லை. கடிதம் கையில் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

மறுநாள் பத்திரிகையாளர் வரிசையில் இடம் கிடைத்தது. ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் குற்றம்சாட்டப்பட்டவருடைய மூக்கின் வளைவை ஒரே ஒரு கோடாக இழுத்துவிட்டேன். ஊழியர் வந்து குறிப்பேட்டையே வாங்கிக்கொண்டார். இடைவேளையில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தார், அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு. அத்தனை பேர் முன்னால் நடந்தது இன்னும் உறுத்துகிறது.

குறிப்பெழுதத் தடையில்லை. அதனால் சொற்களாலேயே வரைந்தேன்: "இடது தோள் தாழ்வு. கீழுதடு தடிமன். நெற்றியில் பாதி வரை முடி. கட்டைவிரலால் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்." முதல் பத்து நிமிடம் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருங்கள், அதுதான் கைகொடுக்கும். கண்ணாடிக் கூண்டாக இருந்தால் விளக்கொளி பட்டு முகம் மறையும், இருக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜூரிகளை அடையாளம் தெரியும்படி வரையவே வேண்டாம்.

2022 ஜூலையிலிருந்து, கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றங்களில் தண்டனை அறிவிப்பை ஒளிபரப்ப அனுமதி உண்டு. ஆனால் திரையில் நீதிபதி மட்டுமே வருவார். கூண்டில் நிற்பவரின் முகத்தை மக்களுக்குக் காட்டும் பொறுப்பு இன்றும் நம்முடையதுதான்.

அன்று மதியம் வெளியே வந்து வரைய எனக்குக் கிடைத்தது 40 நிமிடம். கழுத்துப்பட்டையின் நிறத்தைக் குறிக்க மறந்திருந்தேன். பக்கத்திலிருந்த நிருபர் சொல்லிக் காப்பாற்றினார். பாஸ்டல் வண்ணக்குச்சியின் தூள் படிந்த கையோடு ஓடிப்போய், வெளிச்சுவரில் ஓவியத்தை ஒட்டிப் பிடித்தேன், கேமரா படமெடுத்தது. தொடக்கத்திலிருந்து அந்த வழக்கில் உட்கார்ந்திருந்த நிருபர் ஒருவர் அருகே வந்து பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மோதிரம்! தினமும் இப்படித்தான் சுழற்றுகிறார்" என்றார்.