ஆய்வேட்டு மேசை: குறுக்குக் குறிப்புகளோடு ஒரு ஜூன் மாதம்

ஜூன் 10

கண்மாய்ப் பாசனம் பற்றிய தமிழ் ஆய்வேடு ஒன்று வடிவமைப்புக்கு வந்திருக்கிறது. ஏழு இயல்கள், இயலுக்கு இயல் அட்டவணை. எழுதிய தம்பி நல்ல உழைப்பாளி. கண்மாய் கண்மாயாகப் போய் மடை, கலுங்கு, ஆயக்கட்டு எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார். அவருடைய புகார் ஒன்றே ஒன்று: “அக்கா, ‘அட்டவணை 4.2’னு வர்ற இடமெல்லாம் வரிக்கு நடுவுல போல்டா நிக்குது. எடுத்துவிட்டா அடுத்த தடவை திரும்பவும் வந்துடுது.”

திரும்ப வருவதற்குக் காரணம் எஃப்9, வேர்டில் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் விசை. அவர் எழுத்து என்று நினைப்பது எழுத்தே அல்ல, ஃபீல்டு. அட்டவணைக்கு மேலே இருக்கும் தலைப்பு வரியிலிருந்து ‘அட்டவணை 4.2’ என்பதை எடுத்துவந்து காட்டும் கட்டளை. புதுப்பிக்கும்போதெல்லாம் வேர்ட் மூலத்துக்குப் போய்ப் புதிதாக எடுத்துவரும். வரியில் நாம் கையால் செய்த திருத்தம் அதோடு போய்விடும். இந்த ஒன்று புரியாமல்தான் எத்தனையோ ஆராய்ச்சி மாணவர்கள் சமர்ப்பிக்கும் வாரத்தில் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

ஜூன் 11

ஆல்ட், எஃப்9 சேர்த்து அழுத்தி முழுக் கோப்பையும் குறியீடாகப் பார்த்தேன். ஒவ்வொரு குறிப்பும் சுருள் அடைப்புக்குள் விரிந்தது: முதலில் ரெஃப் என்ற கட்டளை, அடுத்து அடிக்கோட்டில் தொடங்கும் நீண்ட எண் கொண்ட ஒரு பெயர், கடைசியில் பின்சாய்கோடும் எச்சும். அந்த நீண்ட பெயர், தலைப்பு வரியின்மேல் வேர்ட் தானாகப் போட்டுவைத்திருக்கும் மறைவான புக்மார்க், அதாவது இடக்குறி. எச் இருந்தால் கிளிக் செய்து அங்கே தாவலாம்.

போல்டு எங்கிருந்து வருகிறது என்று தலைப்பு வரியில் பார்த்தேன். நினைத்தது சரிதான். ‘அட்டவணை 4.2’ என்ற பகுதியை மட்டும் தேர்ந்து கன்ட்ரோல் பி அழுத்தியிருக்கிறார். கையால் போடும் போல்டு எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, குறிப்பு போகுமிடமெல்லாம் கூடவே போகும். தலைப்பு வரிகளின் தோற்றத்தை வரையறுக்கும் கேப்ஷன் ஸ்டைலுக்குள் வைத்த போல்டு அப்படி வராது. அது பத்தியின் குணம், பத்தியோடு நின்றுவிடும்.

முழுத் தலைப்பும் போல்டாக இருக்கலாம் என்றால் வேலை சுலபம். வரியைத் தேர்ந்து கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் கைப்போல்டு கழன்றுவிடும். அப்புறம் ஸ்டைலில் போல்டு வைத்தால் முடிந்தது. ஆனால் இவருடைய பல்கலைக்கழக விதிமுறையில் எண் தடித்தும் தலைப்பு சாதாரணமாகவும் இருக்க வேண்டும். பத்தி ஸ்டைலால் ஒரே வரியில் இந்த இரண்டையும் செய்ய முடியாது.

ஜூன் 12

நேற்றைய சிக்கலுக்குத் தீர்வு கேர்ஃபார்மேட். ரெஃப் குறியீட்டின் கடைசியில் பின்சாய்கோடு, நட்சத்திரக்குறி, கேர்ஃபார்மேட் என்று சேர்த்தால், வேர்ட் மூலத்தின் தோற்றத்தைப் பார்க்காது. ‘ரெஃப்’ என்ற கட்டளையின் முதல் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே முடிவைக் காட்டும். அந்த ஓர் எழுத்து சாதாரணமாக இருந்தால் வரியில் வருவதும் சாதாரணம். அந்த எழுத்தே தடித்திருந்தால் எல்லாம் தடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல இடங்களில் ஏற்கெனவே மெர்ஜ்ஃபார்மேட் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய முடிவில் கையால் செய்த தோற்றத்தைக் காப்பாற்றப் பார்க்கும் கட்டளை அது. சொல் சொல்லாகப் பொருத்திப் பார்ப்பதால், மூலத்தில் சொற்களின் எண்ணிக்கை மாறினால் தடுமாறிவிடும். குறியீடுகள் தெரியும் நிலையிலேயே ஃபைண்ட் ரீப்ளேஸ் வேலை செய்யும் என்பதால் மெர்ஜ்ஃபார்மேட்டைக் கேர்ஃபார்மேட் ஆக்கினேன்.

எதுவும் ஒட்டாமல் வெறும் எச்சோடு நின்றவற்றுக்கு ‘ரீப்ளேஸ் ஆல்’ கூடவே கூடாது. உள்ளடக்கப் பட்டியலின் குறியீட்டிலும் அதே எச் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றினேன். கன்ட்ரோல் ஏ, எஃப்9. நாலாம் இயல் முழுக்க ஒரே சீராக வந்துவிட்டது.

ஜூன் 13

‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்.’ புதுப்பித்ததும் ஐந்தாம் இயலில் வரிசையாக வந்து நின்றது இது. தம்பி பதறிப்போய், “நேத்துவரைக்கும் சரியா இருந்துச்சேக்கா” என்றார். சரியாக இருக்கவில்லை, சரியாகத் தெரிந்தது. நெறியாளர் தலைப்புகளை மாற்றச் சொன்னபோது பழைய தலைப்பு வரியை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார். அழித்த வரியோடு புக்மார்க்கும் போய்விட்டது. ஃபீல்டோ கடைசியாக எடுத்த எழுத்தைப் புதுப்பிக்கும்வரை காட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் பெரிய ஆபத்து அச்சில்தான். அச்சிடுமுன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் அமைப்பு வேர்டில் உண்டு. ஜெராக்ஸ் கடைக் கணினியில் அது இயங்கிக்கொண்டிருந்தால், திரையில் ஒழுங்காக இருந்த பக்கம் தாளில் பிழைச் செய்தியோடு வரும். பைண்டிங் முடிந்த பிறகு அதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அதனால்தான் கடைக்கு அனுப்புமுன் எஃப்9, பிறகு ‘எரர்’ என்று ஒரு தேடல் என்று எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்.

போன புக்மார்க்கை மீட்க வழியில்லை. ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் குறிப்பு செருக வேண்டும். எந்த அட்டவணை என்று தெரியாத இடங்களில் பழைய பிடிஎஃப்பை வைத்து ஒப்பிட்டோம்.

ஜூன் 14

இன்றைக்கு வந்தது விசித்திரம். ஆறாம் இயலில் ஒரு வாக்கியத்துக்கு நடுவே, ‘அட்டவணை 6.1’ வர வேண்டிய இடத்தில், ஒரு முழுப் பத்தியும் அதன்பின் அட்டவணை எண்ணும் வந்து நிற்கின்றன. தலைப்பு வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து என்டர் தட்டி, மேலே கிடைத்த இடத்தில் பத்தியை எழுதியிருக்கிறார். புக்மார்க்கின் தொடக்கம் மேலேயே தங்கிவிட்டதால் எழுதியதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது.

இன்செர்ட், புக்மார்க் பெட்டியில் மறைவான புக்மார்க்குகளையும் காட்டச் சொல்லி, அந்தப் பெயரைத் தேர்ந்து ‘கோ டூ’ கொடுத்தால் அது எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சரியான பகுதியை மட்டும் தேர்ந்து, அதே பெயரில் ‘ஆட்’ கொடுத்தேன். புக்மார்க் அங்கே நகர்ந்துவிட்டது. அதைச் சுட்டும் எல்லாக் குறிப்புகளும் ஒரே எஃப்9-இல் சரியாயின. தலைப்பு வரிக்கு மேலே இடம் வேண்டுமென்றால் முந்தைய பத்தியின் கடைசியில் போய் என்டர் தட்டுங்கள், இந்தத் தொல்லையே வராது.

ஜூன் 16

தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல்கள் இவை. ‘அட்டவணை 3.4-இல் காண்க’ என்று எழுத, எண்ணை ஒட்டி ‘-இல்’ சேர்க்கிறோம். கர்சர் ஃபீல்டைக் காட்டும் சாம்பல் நிறப் பகுதிக்குள் இருக்கும்போது அடித்தால் அது ஃபீல்டின் உள்ளே போய், அடுத்த புதுப்பிப்பில் காணாமல் போகும். வேற்றுமை உருபு எப்போதும் சாம்பலுக்கு வெளியே. இந்த ஆய்வேட்டில் உருபில்லாமல் மொட்டையாக நின்ற வாக்கியங்கள் ஏராளம். எல்லாம் ஒரு காலத்தில் உருபோடு இருந்தவைதான்.

‘3ஆம் படத்தில்’ என்று எழுத விரும்பினால் எண் மட்டும் வேண்டும். தலைப்புக்கான குறிப்புப் பெட்டியில் அப்படி ஒரு தேர்வு கிடையாது. தலைப்பு வரியில் எண்ணை மட்டும் தேர்ந்து நாமே ஒரு புக்மார்க் போட்டு, அதைச் சுட்டினால் போதும்.

இன்னொன்று, எழுத்துப் பிழை. பொதுவாக லேபிள் ‘அட்டவணை’, இரண்டாம் இயலில் சில இடங்களில் மட்டும் ‘அட்டவனை’. வேர்டுக்கு இவை இரண்டு வேறு வரிசைகள். தனித்தனியாக எண்ணும், அட்டவணைப் பட்டியலிலும் ஒன்றுதான் வரும். ‘எண் குதிக்குது’ என்று தம்பி சொன்னது இதைத்தான். தெரியும் எழுத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. குறியீட்டில் சீக் என்ற கட்டளைக்கு அடுத்துள்ள பெயரையும் திருத்த வேண்டும்.

ஜூன் 17

‘அட்டவணை’ ஓர் அளவில், ‘3.4’ வேறோர் அளவில். தமிழை வேர்ட் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனியே வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துருவும் அளவும் வேறு கட்டத்தில். எண்கள் லத்தீன் கட்டத்தோடு போகும். நார்மல், கேப்ஷன் இரண்டு ஸ்டைலிலும் இரு கட்டங்களிலும் 12 வைத்ததும் ஒத்துப்போயின.

ஜூன் 19

கன்ட்ரோல் ஏ அடிக்குறிப்புகளுக்குள் போகாது, உரைப்பெட்டிகளுக்குள்ளும் போகாது. ஆகவே அடிக்குறிப்புப் பகுதியில் கர்சரை வைத்து அங்கே தனியாகக் கன்ட்ரோல் ஏ, எஃப்9. வரைபடங்களின் மேலிருந்த உரைப்பெட்டிகளையும் அப்படியே பார்த்தேன். ‘எரர்’ தேடலில் எதுவும் கிடைக்கவில்லை. கடைக்குக் கொடுக்க பிடிஎஃப் மட்டுமே போகும், வேர்ட் கோப்பு போகாது.

இரண்டாம் இயலில் இரண்டு வரைபடங்களை இடம் மாற்றலாமா என்று நெறியாளரிடம் கேட்டுச் சொல்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். மாற்றினால் தலைப்பு வரியையும் சேர்த்தே வெட்டி ஒட்டச் சொன்னேன். அப்புறம் எஃப்9 அழுத்தினால் எண்கள் மாறிக்கொள்ளும்.