உள்ளங்கையில் அளந்த வெளிச்சம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பினாங்குப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவங்களில் இருந்தோருக்குப் புகைப்படக் கழகம் நினைவிருக்கலாம். கழகம் மறந்திருந்தாலும், அறிவியல் கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையிலிருந்து சனிக்கிழமைகளில் கிளம்பிய, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி மறந்திருக்காது. நம் பள்ளி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதாவது எழுதித் தரும்படி குழுவினர் கேட்டபோது, பந்தாட்டங்களையும் தேர்வு முடிவுகளையும் பற்றி எழுத ஆள் இருப்பார்கள் என்று எண்ணி, அந்த அறையில் நாங்கள் கற்றதை எழுத முன்வந்தேன்.

அக்காலத்தில் நம் வீடுகளில் படம் எடுப்பது என்றால் திருமணம், காதணி விழா, வெளியூர் உறவினர் வருகை ஆகியவற்றுக்கு மட்டுமே. 36 படங்கள் கொண்ட ஒரு வண்ணச் சுருள் தீபாவளிக்குக் கேமராவில் ஏறினால் தைப்பூசம் தாண்டித்தான் கழுவக் கொடுக்கப்படும். கழகத்தை நடத்திய கணித ஆசிரியரை நாங்கள் ‘கேமரா சார்’ என்றே அழைத்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் விதித்த முதல் நிபந்தனை, விழாக்களைப் படமெடுக்கக் கூடாது என்பதுதான். விழாவை எடுக்க ஸ்டூடியோக்காரர்கள் இருக்கிறார்கள், கொல்லையில் அம்மா துணி காயப்போடுவதை எடுக்க யார் வரப்போகிறார்கள் என்று அவர் கேட்பார். செலவைக் குறைக்க 100 அடி நீளமுள்ள இல்ஃபோர்ட் கறுப்பு வெள்ளைச் சுருளை மொத்தமாக வாங்கி, கடைகளில் கேட்டுப் பெற்ற பழைய உருளைகளில் இருட்டுக்குள் கைத்தடவலாகவே வெட்டி நிரப்பிக்கொள்வோம்.

அவர் கணித ஆசிரியராக இருந்தது எங்களுக்கு வாய்த்த நல்லூழ். லென்ஸ் வளையத்தில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் முந்தையதை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பவை என்றும், அதனாலேயே ஒவ்வொரு படிக்கும் ஒளி புகும் துளையின் பரப்பு பாதியாகிறது என்றும் அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியபோதுதான், வர்க்கமூலத்துக்கும் உலகில் ஒரு வேலை உண்டு என்பதை நான் நம்பினேன். நல்ல வெயிலில் துளையை 16இல் வைத்தால் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், சுருளின் ஒளியுணர்வைக் குறிக்கும் வேக எண்ணுக்குத் தலைகீழ், அதாவது 125 வேகச் சுருளுக்கு ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு என்ற விதியை, வாய்ப்பாட்டைப் போலவே ஒப்பிக்க வைத்தார்.

ஆனால் நூலகத்தில் இருந்த புகைப்பட நூல்களோ குளிர்நாட்டார் தம் வெயிலை வைத்து எழுதியவை. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுவதால், புருவத்தின் நிழல் கண்களையும், மூக்கின் நிழல் மேலுதட்டையும் மூடி, எவர் முகமும் முகமூடியாகிவிடும். போதாக்குறைக்கு 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதன்பின் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகாலை ஒட்டித்தான். விடிவதும் ஏழு மணிக்குப் பிறகே. காலை இளவெயிலுக்காக ஏழு மணிக்குப் பள்ளி வாயிலில் கூடிக்கொண்டிருந்த நாங்கள், அவ்வாண்டு முதல் சில மாதங்களில் இருட்டில் நின்று கொட்டாவி விட்டோம். சார் மட்டும் நேரத்தை மாற்ற மறுத்து, இருட்டு எப்படி வெளுக்கிறது என்பதையும் பாருங்கள் என்றார்.

உச்சி வெயிலுக்கு அவர் கண்ட மருந்து பினாங்கு வீதியிலும் மார்க்கெட் வீதியிலும் கடைகளுக்கு முன்னே ஓடும் அஞ்சடி. மேலே கூரை மறைக்க, வெயில் பட்ட தெருவிலிருந்தும் எதிர்ச்சுவரிலிருந்தும் தெறித்து வரும் ஒளி பக்கவாட்டில் மென்மையாக விழும் அந்த நடைபாதையில், பூக்கட்டுபவர், காசு மாற்றுபவர், மாவு மில்லுக்கு மிளகாய் சுமந்து வந்த பெண் என எவரையும் நண்பகலிலும் படமெடுக்கலாம். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் முகம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பச் சொல்லிக் கேட்கக் கூடாது. அதற்கு முன், ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி பெறவும், அடுத்த வாரம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும் என்பதில் சார் மிகக் கண்டிப்பானவர். அப்படிக் கொடுத்த பிரதிகள் சில, கடைக் கல்லாவுக்கு மேலே சாமி படங்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன.

அவர் கற்றுத் தந்தவற்றுள் நான் இன்றும் நாள்தோறும் கைக்கொள்வது உள்ளங்கை அளவு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழுந்த ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருள் என்றே ஒளியை அளக்கும் கருவியான லைட் மீட்டர் எண்ணிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டை அணிந்த மாணவர் வரிசையை அதனிடம் காட்டினால், வெள்ளையைச் சாம்பலாக்க முயன்று ஒளியைக் குறைத்துவிடும். படத்தில் சட்டைகளுக்கு மடிப்பு தெரியும், நம்மவர் முகங்களுக்குக் கண்ணும் பல்லும் தவிர எதுவும் தெரியாது. கரிய முகத்தருகே மீட்டரை நீட்டினாலோ அது எதிர்ப்பக்கம் சாய்ந்து, முகத்தை வெளுக்கடித்து, சட்டையை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடும். சாரின் வழி எளியது: படத்தில் இருப்பவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து, துளையை ஒரு படி திறக்க வேண்டும். மலாய், சீன, தமிழ் மாணவர்களை வரிசையாகக் கைநீட்டச் சொல்லி மீட்டரின் முள்ளை எங்களுக்குக் காட்டினார். முகத்துக்கு முகம் ஓடிய முள், உள்ளங்கைகளில் அநேகமாக ஒரே இடத்தில் நின்றது.

ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கித் தருவதை அவர் வெறுத்தார். கரிய தோலிலும் நெற்றியின் பளபளப்பும் கன்னத்தின் மங்கலும் கழுத்தின் ஆழமும் தனித்தனியே தெரியவேண்டும், அதுதான் சரியான படம் என்பார். இன்றைய கைப்பேசிகள் கேளாமலே நம் பிள்ளைகளின் முகத்துக்கு மாவு பூசுவதைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருவது அவர் போட்ட அடித்தளத்தால்தான்.

தோட்டங்களைப் படமெடுப்பதில் வேறொரு சிக்கல் இருந்தது. வீட்டு முற்றத்துச் செம்பருத்தி கண்ணுக்கு எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், கறுப்பு வெள்ளைச் சுருளில் அந்தச் சிவப்பும் இலையின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, பூவே இல்லாத செடியைப்போல் விழும். லென்ஸின் முன் பச்சை ஃபில்டர், அதாவது நிறக் கண்ணாடி, போட்டால் பூ கறுத்து இலை வெளிறும். சிவப்பு ஃபில்டர் போட்டால் பூ வெளிறி இலை கறுக்கும். எது சரி என்று கேட்டால், பூவை நீ எப்படிப் பார்த்தாய் என்று திருப்பிக் கேட்பார்.

தாவரவியல் பூங்காவுக்கு நாங்கள் அடிக்கடி போவோம். 1884இல் தொடங்கப்பட்டு சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பாரின் பொறுப்பில் உருவான அந்தத் தோட்டம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால், ஊரெல்லாம் வெயிலடித்த பின்னும் அங்கே நெடுநேரம் நிழல் தங்கியிருக்கும். நாகலிங்க மரத்தின் பூ அடிமரத்திலேயே பூப்பதால் ஏணியில்லாமல் நெருங்கி எடுக்கலாம் என்பது எங்களுக்கு வசதி. குரங்குகளுக்குக் கேமராப் பையும் உணவுப் பொட்டலமும் ஒன்றுதான். காவலுக்கு ஒருவன் குடையோடு நிற்பான்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலையில் வெள்ளி இரதத்தின் முன் மலைமலையாகத் தேங்காய் உடைபடுவதை உலகமே படமெடுக்கும். எங்களுக்கோ மறுநாள்தான் வேலை. ஓடுகளை அள்ளும் தொழிலாளர்கள், பந்தல் பிரிப்போர், வெறிச்சோடிய தண்ணீர்ப் பந்தலில் கவிழ்த்து வைத்த பானைகள் ஆகியவற்றை எடுத்தோம். அயர் ஈத்தாம் ஆற்றோரத்து வண்ணாந்துறையிலும் பல காலைப்பொழுதுகள் கழிந்தன. கொடிகளில் காயும் வெள்ளை வேட்டிகளின் எதிரொளியில் சலவைத் தொழிலாளர்களின் முகங்கள் விழுந்ததுபோல் எந்த ஸ்டூடியோ விளக்கிலும் விழுந்து நான் கண்டதில்லை. கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) மலை ரயிலில் ஒருமுறை போனோம்; அப்போது நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாறவேண்டும். மேலே மேகம் மூடியிருந்தது என்பதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படச்சுருளைக் கழுவுவதுதான் பெரும்பாடு. சுருளில் படத்தைத் தோன்றச் செய்யும் மருந்தான டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும். நம் குழாய்த் தண்ணீரோ 28க்குக் குறையாது. அந்தச் சூட்டில் மருந்து விரைந்து வேலைசெய்து, ஐந்து நிமிடத்துக்கு முன்பே முடிந்து, படம் திட்டுத்திட்டாகிவிடும். எனவே சிற்றுண்டிச் சாலையில் ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டு, மருந்தையும் சமபங்கு நீர் கலந்து தளர்த்தி நேரத்தை நீட்டுவோம். ஐஸுக்கு ஆசைப்பட்டு மருந்தை மட்டும் குளிர்வித்து, கழுவும் நீரைச் சூடாகவே விட்டால், சுருளின் மேற்பூச்சு திடீர் மாற்றத்தில் சுருங்கி வலைவலையாக வெடிக்கும். ஆகவே எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வெப்பநிலை. அதைப் பார்த்துக்கொள்ள வெப்பமானியோடு ஒருவன் குந்தியிருப்பான்.

இன்று நான் வாழும் மெல்பர்னில் நடுக் குளிர்காலத்து உச்சிச் சூரியன் வடவானில் 30 பாகையைக்கூட எட்டுவதில்லை. நாள் முழுதும் சாய்வெயில்தான். எங்கு திருப்பினாலும் படம் நன்றாக விழும் அந்த எளிமை எனக்கு இன்றுவரை சலிப்பூட்டுகிறது. அண்மையில் எங்கள் குடும்ப ஆல்பங்களைப் பிரித்தபோது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் பல, சாயங்கள் மங்கிச் செம்மை ஏறிக் கிடந்தன. சாமான் அறையில் நன்றாக அலசிக் காயவைத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் நெகட்டிவ்களும் அப்படியே இருந்தன. காரணம் எளியது: அவற்றில் இருப்பது சாயமன்று, வெள்ளி.

கழகத்தில் இருந்தோரின் இழுப்பறைகளிலும் அத்தகைய நெகட்டிவ்கள் இருக்கக்கூடும். அடுத்த மலருக்காக அவற்றைத் திரட்டக் குழு இசைந்திருக்கிறது. ஒட்டுத்தாள் ஆல்பங்களில் பிடித்துக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பினாங்கிலேயே இருந்துவிட்ட சுருள்களில் பூஞ்சை படர்ந்திருந்தால் நீரில் கழுவாமல், உலர்ந்த பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைப் பிரதியின் பின்புறம் ஓரமாக மென்பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபுறம் ஊறும். குறிப்பாக வண்ணாந்துறைப் படங்களில் இருப்போரின் பெயர் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அங்கே பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்த இளைய வகுப்புத் தம்பிகள் எவரேனும் இதைப் படித்தால், முதலில் அந்தப் பெயர்களை அனுப்பிவையுங்கள்.