நீங்களே தீர்மானியுங்கள்

நான் முன்பு மிஷனெரியாக இருந்த மலையில், ஆராதனையில் மத்தளம் வாசிக்கலாமா என்று சபையார் கூடிய கூட்டத்தில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நீங்களே ஜெபித்துத் தீர்மானியுங்கள்." பணித்தளத்தில் இருந்த எவருக்கும் பழகிப்போன வாக்கியம்தான். மிஷனெரி தளத்தை விட்டு வந்த பிறகும் அங்கே போய்த் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தால் உள்ளூர்ச் சபை ஒருநாளும் தன் காலில் நிற்காது என்று பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மிஷன் தலைவர் ஹென்றி வென் சொன்னதை நானும் முழு மனதோடு நம்பியவன், பிறருக்குப் போதித்தவன். அதனால் நான் சொன்னது சரிதான். சரிதான் என்று ரயிலில் ஊர் வந்து சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததுதான் உறுத்துகிறது.

ராஜ்மஹால் மலைகளில் மால்தோ பழங்குடி மக்கள் நடுவே ஊழியம் செய்தவர்களுக்கு அந்த ஊரை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நாங்கள் இருந்தபோது பீகார். 2000-இல் ஜார்க்கண்ட் ஆனது. நடந்தே ஏறிய மலைக்கு இப்போது வண்டி போகிறது. கருங்கல் குவாரி லாரிகளுக்காகப் போட்ட பாதை அது. மலையின் ஒரு பக்கம் வெட்டுண்டு கிடக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

விவகாரம் மத்தளம். ஞாயிறு ஆராதனையில் மத்தளம் வாசிக்க வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். கூடாது என்கிறார்கள் முதல் தலைமுறை விசுவாசிகள். கூடாது என்பவர்களில் முன்னால் நிற்பவர் என் நண்பர். அண்ணன் என்ற பொருளில் நான் அவரைத் தாதா என்பேன். இராப்பள்ளி நடத்திய பழக்கத்தில் அவர் என்னைக் குருஜி என்பார். ஒரு காலத்தில் அந்த மலையில் அவரைப் போல மத்தளம் வாசிக்க ஆள் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்ததும் அதை இறக்கி வைத்தார். பிறகு தொடவே இல்லை.

கூட்டத்தில் தாதாவின் மகன்தான் எழுந்து 150-ஆம் சங்கீதத்தை வாசித்தான். தம்புரு, நடனம், கைத்தாளம் எல்லாம் அதில் வருகிறதே, மத்தளம் மட்டும் ஏன் ஆகாது என்று கேட்டான். சத்தமில்லை, மரியாதைக் குறைவில்லை. "குருஜி வந்திருக்கிறார், அவரே சொல்லட்டும்" என்று உட்கார்ந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாதாவும் பார்த்தார். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாதா பேச்செடுத்தார். "அன்றைக்கும் இதையேதான் சொன்னீர்கள், குருஜி."

மத்தளத்தை என்ன செய்வது என்று முதன்முதலில் அவர் என்னிடம் கேட்ட நாளைச் சொல்கிறார் என்பது புரிந்தது. ஒரு நொடி எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நான் மாறவில்லை, அன்றும் அவருடைய சுதந்திரத்தில் கை வைக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை.

"அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று இருந்தது. இன்றைக்கு உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது நான் என்ன செய்ய?"

என் முகம் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. அந்நாளில் மத்தளம் தனியாக வந்ததில்லை. கோசாயின் என்ற தெய்வங்களுக்குப் பலி, தேமானோ என்ற பூசாரி குறி சொல்வது, விடிய விடியக் குடி, விடிந்ததும் அடிதடி, செலவுக்கு மகாஜன் என்ற வட்டிக்காரனிடம் கடன் என்று எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. அந்தக் கடனுக்காக, காட்டை எரித்துப் பயிரிடும் குர்வா நிலத்தில் விளைந்த பர்பட்டிப் பயறு வீட்டுக்கு வராமலே சந்தைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். எந்த முடிச்சை அவிழ்த்தால் எது விடுபடும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? அதோடு, வாய் திறந்து தடுக்கவும் இல்லையே.

இந்த வாதத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது தாதாவின் கேள்விக்குப் பதில் ஆகவில்லை.

அதே காலத்தில்தான் காலா அசார் என்ற காய்ச்சல் நோய் அந்த மலையைச் சூறையாடியது. காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், உடம்பு கறுத்து வற்றும். தாதாவின் மகனுக்கும் வந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைய மருந்து ஆன்டிமனி கலந்த ஊசி. ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் போட வேண்டும், இடையில் விடக்கூடாது. பையன் பிழைத்தான். இன்று சங்கீதம் வாசித்தவன் அவன்தான். பிள்ளையின் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தவன் எதிரே உட்கார்ந்து "நீங்களே தீர்மானியுங்கள்" என்றால், கேட்கிற தகப்பன் அதை எப்படிக் கேட்பான்? நான் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு முகத்தைப் படித்ததில் என்ன ஆச்சரியம்?

இளைஞர்களுக்கு அந்தப் பாரம் இல்லை. 2014-இலிருந்து அந்த நோய்க்கு ஒரே நாளில் ஏற்றிவிடுகிற மருந்தை அரசாங்கமே தருகிறது. யாரிடமும் கடன்பட வேண்டாம். அவர்கள் என்னிடம் கேட்டது வெளியூர்ப் பெரியவரிடம் கேட்பது போலத்தான். நான் கூடாது என்று சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பார்கள். தாதாவின் மகனே வாதாடியிருப்பான். அதை நினைக்கையில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு. வென் சொன்ன சபை அங்கே கண்முன் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் அவர்களிடம் என் மனதில் இருந்ததைச் சொல்லியிருக்கலாமே. அவர்களை எதுவும் கட்டியிருக்காது. கட்டுப்பட்டிருக்கக்கூடியவர் தாதா ஒருவர்தான். அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்தேன். அவரோ நான் பேசவேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

என் மனதில் இருந்தது என்ன? மத்தளம் வேண்டும் என்பதுதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனை பாடியதைத்தான் நான் சிறு வயது முதல் ஆராதனையில் பாடுகிறேன். அந்த ராகங்கள் கோயிலிலும் அரண்மனையிலும் ஒலித்தவை என்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. பறையை மட்டும் வெளியே நிறுத்தினோம்; அதற்குக் காரணம் சாதி, வேதம் அல்ல. இறையியலாளர் தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவரப் போராட வேண்டியிருந்தது. இதெல்லாம் அறிந்த நான், மலை மேல் போய் மத்தளத்தைப் பார்த்து முகம் சுளித்தால் நியாயமா?

ஒன்று கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி. பவுல் நழுவவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தன் எண்ணத்தை உடைத்துச் சொல்கிறார். சகோதரனுக்கு அது இடறலானால் நான் சாப்பிடவே மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டையும் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் பவுலை அங்கே பலர் எதிர்த்துப் பேசினார்கள். அவர் முகத்தைப் பார்த்து யாரும் மத்தளத்தை இறக்கி வைத்ததில்லை என்றும் தோன்றுகிறது. இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

போன வாரம் தாதாவின் மகன் போனில் பேசினான். குருஜி தடுக்கவில்லை, ஆகவே வாசிக்கலாம் என்கிறார்களாம் ஒரு சாரார். பிடித்திருந்தால் வாயால் சொல்லியிருப்பார், ஆகவே கூடாது என்கிறார்களாம் மற்றவர்கள். கிறிஸ்துமஸுக்குள் முடிவெடுக்க வேண்டுமாம்.

தாதாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சொல்ல வேண்டியவை இரண்டு. உங்கள் கையால் மத்தளம் கேட்க எனக்கு ஆசை என்பது ஒன்று. நீங்கள் அதை இறக்கி வைத்தது வீண் அல்ல, அது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை என்பது இன்னொன்று. முதலாவதை முதலில் எழுதினால் இரண்டாவது வெறும் தேறுதலாகப் படுகிறது. மாற்றி எழுதினால் ஆசை சொல்வது அரைமனதாகப் படுகிறது. இராப்பள்ளியில் கற்ற எழுத்தைத் தாதா மறந்துவிட்டார். கடிதத்தை வாசித்துக் காட்டப் போகிறவன் அவர் மகன்தான். எந்த வரியை அழுத்தி வாசிப்பான் என்பது என் கையில் இல்லை.