அப்பத்தாவும் தாய்லாந்துச் சாப்பாடும்

தம்பி ஊருக்கு வந்திருக்கிறான். அவன் பிடிவாதத்தால் காரைக்குடியிலிருந்து திருச்சி வரை போய், குடும்பத்தோடு ஒரு தாய்லாந்து உணவகத்தில் ராத்திரிச் சாப்பாடு.

முதலில் டாம் யம் சூப். எலுமிச்சைப்புல், பேரரத்தை, இறால், நல்ல புளிப்பு. "சளிக்கு வைக்கிற ரசமாட்டம் இருக்கு" என்றார் அப்பத்தா. ஆனால் கிண்ணம் காலி! பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸ் வாசம் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. கிரீன் கறி எனக்குப் பிடித்தது. அப்பாவுக்குக் கல்பாசி போடாத குழம்பு குழம்பே இல்லை. அவரிடம் பேசிப் பயனில்லை.

கடைசியில் வந்ததுதான் விசேஷம். கறுப்பு அரிசியை ஒட்ட ஒட்ட வேகவைத்து, மேலே லேசாக உப்புப் போட்ட தேங்காய்ப்பால். "அடி ஆத்தி, நம்ம கவுனியரிசி!" என்று அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நம் ஆட்கள் கொண்டுவந்த அரிசியல்லவா அது? தாய்லாந்து அதற்குப் பக்கத்து வீடு. நம் கல்யாண இலையில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, நெய்யோடு வருகிறது, அங்கே பாலோடு. எனக்கென்னவோ நெய்தான் ஒரு படி மேல். (செட்டிநாட்டுக்காரன் வேறென்ன சொல்வான்?)

அப்பத்தா இரண்டாவது வாயிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ராத்திரி பூரா ஊறவைக்கலைப்பா, நறுக்கு நறுக்குன்னு இருக்கு."

இப்போது வீட்டில் கவுனியரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. தம்பி நாளை மத்தியானம்தான் கிளம்புகிறான்.